ஓட்டலை நடத்துவது யார்? 2.50 டாலருக்காக ஊர்கள் போட்ட வழக்குகள்

2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆன்லைனில் ரூம் புக் பண்ணினவங்க பணம் கட்டுற பக்கத்தில் ஒரு விஷயத்தைப் பார்த்திருப்பாங்க. ரூம் வாடகைக்குக் கீழே 'வரிகளும் கட்டணங்களும்' என்று ஒரே தொகை இருக்கும். அதில் வரி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட மாட்டார்கள். எங்க வேலையில யாராவது ரெண்டு வேற வேற விஷயத்தை ஒரே ஃபீல்டுல போட்டா, கோட் ரிவ்யூல திருப்பி அனுப்பிடுவோம். இங்கே அந்த ஒரே ஃபீல்டு பல வருஷ வழக்குகளாக வெடித்தது. அதுதான் இன்றைய கதை.

ஓட்டல்னா நமக்கு முதல்ல இட்லி, தோசைதான் ஞாபகம் வரும். இங்கே சொல்வது தங்கும் ஓட்டல். அமெரிக்காவில் ஊருக்கு வந்து தங்குகிறவர்களிடம் ரூம் வாடகையில் இத்தனை சதவீதம் என்று நகராட்சியோ கவுண்டியோ வரி போடும். ஊர்த் தலைவர்களுக்கு ரொம்பப் பிடித்த வரி இது. கட்டுறவர் வெளியூர்க்காரர், இந்த ஊர்ல அவருக்கு ஓட்டு கிடையாது! டெக்சஸ் மாநிலத்தில் இந்தப் பணத்தைச் சுற்றுலா, மாநாட்டு அரங்கம், கலை, பழைய கட்டடங்களின் பாதுகாப்பு மாதிரி சில வேலைகளுக்குத்தான் செலவழிக்கலாம் என்றே சட்டம் இருக்கிறது.

இந்தச் சட்டங்களை எழுதியவர்கள் மனதில் ஒரே ஒரு காட்சிதான் இருந்தது. பயணி கவுன்டருக்கு வருகிறார், ஓட்டல்காரர் பணம் வாங்குகிறார், வரியைப் பிடித்து ஊருக்குக் கட்டுகிறார். ரூமை விற்பவரும் ஓட்டலை நடத்துபவரும் ஒரே ஆள்.

1991-ல் ஓட்டல் ரிசர்வேஷன்ஸ் நெட்வொர்க் என்று ஒரு கம்பெனி தொடங்கியது. போன் மூலமாக ரூம் விற்ற கம்பெனி. பிற்பாடு இதுதான் ஓட்டல்ஸ்.காம் ஆனது. ஓட்டல்களிடம் குறைந்த ரேட்டில் ரூம்களைப் பேசி வைத்துக்கொண்டு, தன் லாபத்தையும் சேர்த்துப் பயணிக்கு விற்பது இவர்கள் முறை. இதற்கு 'மெர்ச்சன்ட் மாடல்' என்று பெயர். எக்ஸ்பீடியா, பிரைஸ்லைன், ஆர்பிட்ஸ், டிராவலாசிட்டி எல்லாரும் இந்த வழிக்கு வந்தார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு விமானப் பயணம் சரிந்து, ஓட்டல்களில் ரூம்கள் காலியாகக் கிடந்தன. எப்படியாவது ரூம் நிரம்பினால் போதும் என்ற நிலைமை. தளங்களின் கை ஓங்கியது.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. நான் போடுற எண்கள் உதாரணத்துக்குத்தான். பயணி தளத்துக்குக் கொடுப்பது 100 டாலர். தளம் ஓட்டலுக்குக் கொடுப்பது 75 டாலர். வரி 10 சதவீதம். ஊருக்குப் போக வேண்டியது 10 டாலரா, 7.50 டாலரா? தளங்கள் 75-க்கு மட்டுமே வரி கணக்குப் போட்டு, அதை ஓட்டலிடம் கொடுத்துக் கட்டச் சொன்னார்கள். அந்த 2.50 டாலர்தான் சண்டை.

தளங்களின் வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. "நாங்க ஓட்டல் நடத்தலை. எங்ககிட்ட ஒரு கட்டில்கூட கிடையாது. அந்த 25 டாலர் எங்க சேவைக்கான கூலி. அதுக்கு எதுக்கு ரூம் வரி?" என்றார்கள். ஆனால் பழைய டிராவல் ஏஜென்ட் முறையைப் பாருங்க. பயணி ஓட்டலிடம் 100 கொடுப்பார். ஓட்டல் முழு 100-க்கும் வரி கட்டிவிட்டு, அப்புறம் ஏஜென்டுக்கு கமிஷன் கொடுக்கும். அதே ரூம், பயணி கொடுப்பதும் அதே விலை, வரி மட்டும் வேறு. எனக்கு இந்த இடத்தில் ஊர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. கோர்ட்டில் கேட்டது வேறு கேள்வி: சட்டத்தில் என்ன வார்த்தை இருக்கிறது?

2004 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் வழக்குப் போட்டது. அடுத்தடுத்து நாடு முழுக்க வழக்குகள். வட கரோலினாவின் பிட் கவுண்டி 2009-ல் தோற்றது. ஓட்டல், மோட்டல் மாதிரியான தொழில் நடத்துகிறவர்கள் என்று அங்கே சட்டம் சொல்லியிருந்தது. இணையதளம் அந்தப் பட்டியலில் சேராது என்றது கோர்ட். பக்கத்து மாநிலம் தென் கரோலினாவில் சட்டத்தில் இருந்த சொல் 'ஃபர்னிஷ்', அதாவது தங்க இடம் தருவது. எக்ஸ்பீடியா குழுமத்தைச் சேர்ந்த டிராவல்ஸ்கேப் அதைத்தான் செய்கிறது என்று 2011-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஹவாயில் இன்னும் வேடிக்கை. 2015-ல் ஒரே கோர்ட், ஒரே தீர்ப்பு: பொது விற்பனை மாதிரியான வரியைக் கட்டணும், ரூம் வரியைக் கட்ட வேண்டாம். ரூம் வரிச் சட்டத்தில் 'ஆபரேட்டர்' என்று இருந்ததுதான் காரணம்.

ஜெயித்த ஊருக்கும் நிம்மதி இல்லை. ஜார்ஜியா மாநிலத்தில் கொலம்பஸ் என்று ஒரு ஊர். பயணி கொடுத்த முழு விலைக்கும் வரி பிடிக்க வேண்டும் என்று எக்ஸ்பீடியாவுக்குக் கோர்ட் உத்தரவு போட்டது. 2009-ல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எக்ஸ்பீடியா என்ன செய்தது தெரியுமா? கொலம்பஸ் ஓட்டல்களையே தளத்தில் இருந்து தூக்கிவிட்டது. வேறு சில தளங்களும் அதையே செய்தன. வழக்குப் போட்டது நகராட்சி, தளத்தில் காணாமல் போனது ஓட்டல்காரர்கள். ஒரு ஊரை ஒரு ஃபில்டரில் மறைத்துவிடலாம் என்பது அன்றைக்கே பலருக்குப் புரிந்திருக்கும்.

நியூயார்க் வேறு வழியில் போனது. 2009-ல் சட்டத்தையே திருத்தி, ரூமை வாங்கி மறுபடி விற்பவர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. தளங்கள் எதிர்த்தன. 2013-ல் மாநிலத்தின் உச்ச அமர்வு நகரத்தின் பக்கம் நின்றது. கலிபோர்னியா ஊர்கள் பழைய வார்த்தையையே பிடித்துக்கொண்டு போராடின. 'ஆபரேட்டர் வசூலிக்கும் வாடகை'க்குத்தான் வரி, தளத்தின் லாபம் அதில் வராது என்று 2016 டிசம்பரில் சான் டியாகோ வழக்கில் தீர்ப்பு வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் தொடங்கி வைத்துப் பன்னிரண்டு வருஷம்!

கடைசியாக சான் அன்டோனியோ. எனக்கு இந்தக் கதையில் ரொம்ப வலித்த இடம் இது. அலமோ கோட்டை, ஆற்றங்கரை நடைபாதை என்று சுற்றுலாவை நம்பி வாழும் டெக்சஸ் நகரம். 2006-ல் தனக்காகவும் டெக்சஸின் மற்ற ஊர்களுக்காகவும் வழக்குப் போட்டது. மொத்தம் 173 ஊர்கள். அங்கே சட்டத்தில் இருந்த வார்த்தைகளில் ஒன்று 'கன்ட்ரோல்': ஓட்டலைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர். தளங்கள் அப்படித்தான் வைத்திருக்கின்றன என்று 2009-ல் ஜூரி சொன்னது. சுமார் 2 கோடி டாலர். வட்டி, அபராதம் எல்லாம் ஏறி 2016-ல் அது சுமார் 8.4 கோடி டாலர் தீர்ப்பானது.

தளங்கள் மேல்முறையீடு போட்டன. மேல்முறையீடு முடியும்வரை பணம் கட்டாமல் இருக்க, தீர்ப்புத் தொகைக்கு ஈடாகப் பிணைப் பத்திரம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிரீமியம் உண்டு. இதற்கு நடுவில், ஹூஸ்டன் போட்டிருந்த தனி வழக்கில் டெக்சஸ் மாநில மேல்முறையீட்டு கோர்ட் 2011-லேயே தளங்கள் பக்கம் தீர்ப்பு சொல்லியிருந்தது: ஓட்டலுக்குப் போய்ச் சேரும் பணத்துக்குத்தான் வரி. 2017-ல் ஃபெடரல் மேல்முறையீட்டு கோர்ட்டும் அந்த வழியிலேயே போனது. 'கன்ட்ரோல்' பற்றிய கேள்விக்கே வேலை இல்லாமல் போயிற்று. 8.4 கோடி, பூஜ்யம் ஆனது.

கதை அங்கேயும் முடியவில்லை. ஜெயித்த தளங்கள் செலவுக் கணக்கை நீட்டின. 22 லட்சம் டாலருக்கு மேல். பெரும்பகுதி அந்தப் பிணைப் பத்திரப் பிரீமியம். "இதைக் குறைச்சுக்கோங்க" என்று நகரம் கேட்டது. குறைக்கும் அதிகாரம் எனக்கு இல்லை என்றார் நீதிபதி. நகரம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. பதினைந்து வருஷ வழக்கு அங்கே போய்ச் சேர்ந்தபோது, அதில் ஓட்டல் வரி பற்றிய கேள்வியே இல்லை. செலவை யார் தலையில் கட்டுவது என்பது மட்டும்தான் கேள்வி. 2021 மே 27-ல் நீதிபதி அலிட்டோ எழுதிய தீர்ப்பில் ஒருவர்கூட மாற்றுக் கருத்து சொல்லவில்லை. வரி கேட்டுப் போன சான் அன்டோனியோ, தளங்களின் செலவைக் கட்ட வேண்டியதாயிற்று.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.