மெய்நிகர் தனியார் பிணையம்

மெய்நிகர் தனியார் பிணையம் என்பது, அனைவருக்கும் பொதுவான இணையத்தின் வழியே செல்லும் தரவைக் குறியாக்கம் செய்து, அதாவது உரியவரன்றிப் பிறர் படிக்க இயலாத வடிவுக்கு மாற்றி, இரு முனைகளுக்கு மட்டுமே உரிய தனிவழிபோல் இயங்கச் செய்யும் தொழில்நுட்பம் ஆகும். வி.பி.என். எனச் சுருக்கமாக வழங்கப்படும் இது, அலுவலகத்துக்கு வெளியே பணிபுரிவோர் நிறுவனத்தின் கோப்புகளையும் மென்பொருள்களையும் உள்ளிருப்போர்போலவே கையாள வழிசெய்கிறது. கம்பியைத் தனதாக வைத்திருப்பதால் கிடைத்த காப்பு, திறவுகோலைத் தனதாக வைத்திருப்பதால் கிடைக்கும் காப்பாக மாறியதே இதன் வரலாறு.

பின்னணி

இணையம் மலிவாகப் பரவுவதற்கு முன், கிளைகளைத் தலைமையகத்தோடு இணைக்க விரும்பிய நிறுவனங்கள் தொலைபேசி நிறுவனங்களிடம் குத்தகை இணைப்புகளைப் பெற்றன; தொலைவு கூடக்கூட அவற்றின் வாடகையும் கூடியது. வெளியூரில் இருந்த ஊழியர் மோடம் வழியாக அலுவலக எண்ணை அழைத்துத் தொலைதூரக் கட்டணம் கொடுத்தே இணைய வேண்டியிருந்தது; நிறுவனமோ ஒரே நேரத்தில் எத்தனை பேர் அழைப்பார்களோ அத்தனை மோடம்களை வைத்திருக்க வேண்டியிருந்தது. இணையம் இச்செலவைக் குறைத்ததெனினும், அதில் தரவு யார் யாருடைய கருவிகளையோ கடந்து செல்வதால் இரகசியத்துக்கு உறுதி இல்லாதிருந்தது.

நெறிமுறைகளின் வளர்ச்சி

1993இல் ஜான் அயோனிடிஸ், மேட் பிளேஸ் ஆகியோர் உருவாக்கிய ஸ்வைப், இணையப் பொதிகளையே, அதாவது தரவு பிரித்து அனுப்பப்படும் சிறு கூறுகளையே, குறியாக்கம் செய்யும் தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று. 1995இல் ஐபிசெக் என்னும் பொது நெறிமுறையின் முதல் ஆவணங்கள் வெளியாயின. 1996இல் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் என்.டி. 4.0 இயங்குதளத்தில் பி.பி.டி.பி. நெறிமுறையைச் சேர்த்தமையால், தனிக்கருவி ஏதுமின்றிச் சாதாரணக் கணினியிலிருந்தே அலுவலகத்தோடு இணைவது எளிதாயிற்று. ஆயினும் அதன் குறியாக்கத்தில் இருந்த குறைகளை 1998இல் புரூஸ் ஷ்னையரும் மட்ஜ் என்னும் புனைபெயருடைய ஆய்வாளரும் வெளிப்படுத்தினர். மத்திய ஆசியாவில் பயணம் செய்துகொண்டே பணிபுரிந்த ஜேம்ஸ் யோனன், தம் தரவு முன்பின் அறியாத இணையச் சேவையாளர்கள் வழியே செல்வதை எண்ணிக் கவலையுற்று, 2001இல் ஓப்பன்விபிஎன் என்னும் திறமூல மென்பொருளை வெளியிட்டார். ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதிய, நிரல் அளவில் மிகச் சிறியதான வயர்கார்டு, 2020 மார்ச்சில் லினக்ஸ் கருநிரலின் 5.6ஆம் பதிப்பில் இடம்பெற்றது.

செயல்படும் முறை

வீட்டிலுள்ள ஊழியரின் கணினி 10.1.2.20 என்னும் முகவரியுடைய அலுவலகச் சேவையகத்துக்குப் பொதி ஒன்றை அனுப்புவதாகக் கொள்ளலாம். இது உட்பிணையங்களுக்கென ஒதுக்கப்பட்ட முகவரி வரிசையைச் சேர்ந்தது என்பதால், இணையம் இப்பொதியைச் சேர்ப்பிக்காது. எனவே வி.பி.என். மென்பொருள் அதை முழுமையாகக் குறியாக்கம் செய்து, அலுவலக நுழைவாயிலின் பொது முகவரி எழுதப்பட்ட வேறொரு பொதிக்குள் வைக்கிறது. நுழைவாயில் வெளியுறையை நீக்கி, குறியாக்கத்தை அவிழ்த்து, உள்ளிருப்பதை உரிய சேவையகத்திடம் ஒப்படைக்கிறது. இடைவழியில் பார்ப்பவருக்கு வெளிமுகவரியும் பொதியின் அளவும், அது சென்ற நேரமுமே தெரியும். உறைக்கும் இடம் வேண்டியிருப்பதால், வழக்கமான 1,500 பைட் வரம்பில் வயர்கார்டு 80 பைட்டை ஒதுக்கி, உட்பொதிக்கு 1,420 பைட்டை இயல்பு அளவாகக் கொள்கிறது.

பெருந்தொற்றுக் காலம்

இந்தியாவில் அழைப்பு மையங்கள் போன்ற நிறுவனங்களின் ஊழியர்கள் வீட்டிலிருந்து பணிபுரிய, வைப்புத்தொகை, ஒப்பந்தம் முதலிய நிபந்தனைகள் இருந்தன. கொரோனா பெருந்தொற்று பரவியதால், 2020 மார்ச் 13 அன்று தொலைத்தொடர்புத் துறை அவற்றைத் தற்காலிகமாகத் தளர்த்தி, நிறுவனங்கள் தாமே அமைக்கும் பாதுகாப்பான வி.பி.என். இணைப்புகளை ஏற்றுக்கொண்டது. அதே நாளில் அமெரிக்காவின் இணையவெளிப் பாதுகாப்பு முகமையான சீசா, இணைப்புகளின் எண்ணிக்கை வரம்பை எட்டினால் எஞ்சிய ஊழியர்கள் பணிபுரிய இயலாது என்றும், இரவுபகலாக இயங்கும் வி.பி.என். கருவிகளில் பாதுகாப்புத் திருத்தங்கள் தள்ளிப்போகக்கூடும் என்றும் எச்சரித்தது. ஊழியருள் சிலருக்கென அமைத்த நுழைவாயில்களை அனைவரும் நாடியதால், காணொலி அழைப்பு போன்றவற்றை நேரடியாக இணையத்துக்கு விட்டு, அலுவலகத் தரவை மட்டும் வி.பி.என். வழியே அனுப்பும் பிரிவழி முறையைப் பல நிறுவனங்கள் கைக்கொண்டன.

வரம்புகள்

திறவுகோல் பிறர் கைக்குச் சென்றால் இக்காப்பு பயனற்றுப்போகும். 2021 ஏப்ரல் இறுதியில் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் எரிபொருள் நிறுவனத்துக்குள் ஊடுருவியோர், பயன்பாட்டில் இல்லாதிருந்தும் நீக்கப்படாத வி.பி.என். கணக்கு ஒன்றின் வழியாகவே நுழைந்தனர். அதற்குக் கடவுச்சொல்லுக்கு மேற்பட்ட இரண்டாம் சரிபார்ப்பு இல்லை. உள்ளே நுழைந்தவரை அதன்பின் ஐயுறாத பழைய அமைப்பின் குறையைத் தவிர்க்க, ஒவ்வொரு வேண்டுகோளின்போதும் ஆளையும் கருவியையும் சரிபார்க்கும் முழு ஐய முறை முன்வைக்கப்பட்டு, அதன் கட்டமைப்பை அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2020 ஆகஸ்டில் வெளியிட்டது. பழைய மென்பொருள்களை மாற்ற இயலாத நிறுவனங்களில் இம்முறையோடு வி.பி.என்.னும் இணைந்தே இயங்குகிறது.