சுழிய பைட்டும் நீளத்தின் பொறுப்பும்: தரவுத்தளத்தில் இருமத் தரவு

பிஎன்ஜி படக் கோப்பின் முதல் எட்டு பைட்டுகள் எக்காலும் மாறாதவை: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. ஒன்பதாவது பைட்டு சுழியம். தரவுத்தளத்துக்குச் செல்லும் வழியில் ஏதேனும் ஒரு நிரல் அக்கோப்பை, சுழிய பைட்டில் முடியும் சி மொழிச் சரமாக எடுத்துக்கொண்டால், படம் எவ்வளவு பெரியதாயினும் போய்ச் சேர்வது அந்த எட்டு பைட்டுகள்தாம். ஜேஃபிஃப் வகை ஜேபெக் கோப்பில் ஐந்தாவது பைட்டே சுழியம் என்பதால் நான்குதான் மிஞ்சும். இவ்வளவு அப்பட்டமான இழப்பு முதல் நாளே பிடிபட்டுவிடும். பிடிபடாமல் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் இழப்புகளைப் பற்றியே இங்குப் பேச வேண்டியிருக்கிறது.

சுழிய பைட்டைக் குறியாக்கச் சிக்கலாகக் கருதி, தரவை எழுத்துகளாக உருமாற்றி வைப்பது பரவலான வழக்கம். இக்கட்டுரை அதை மறுக்கிறது. சிக்கல் நீளத்தைப் பற்றியது. தரவு எங்கே முடிகிறது என்பதைத் தரவுக்கு வெளியே ஓர் எண்ணாக வைத்திருந்தால், சுழியம் 256 மதிப்புகளுள் ஒன்று மட்டுமே. முடிவுக்குறியாகத் தரவுக்குள்ளேயே வைத்தால் 255 மதிப்புகள்தான் பயன்பாட்டுக்கு எஞ்சும். இருமத் தரவுக்கு 256 மதிப்புகளும் வேண்டும்.

முடிவுக்குறி வழக்கத்தின் தோற்றத்தை டென்னிஸ் ரிட்சியே 1993இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் விளக்கியுள்ளார். பிசிபிஎல் மொழி சரத்தின் நீளத்தை அதன் முன்னால் எழுதி வைத்தது. அடுத்து வந்த பி மொழி அதைக் கைவிட்டு, முடிவில் ஒரு குறியை இட்டது. எட்டு அல்லது ஒன்பது பிட்டுக்குள் நீளத்தை அடைப்பதால் வரும் வரம்பைத் தவிர்ப்பது ஒரு காரணம். எண்ணிக்கையைப் பேணுவதைவிட முடிவுக்குறி வசதியாகத் தோன்றியது மற்றொன்று. அன்றைய கணினிகளில் அது நியாயமான தேர்வு. ஆனால் பி மொழியின் வழிவந்த சி மொழியும் அவ்வழக்கத்தையே ஏற்றது; பின்னாளில் போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் ஆகிய தரவுத்தளங்கள் சி மொழியிலும், மைஎஸ்கியூஎல் சி, சி++ மொழிகளிலும் எழுதப்பட்டன. உரையைக் கையாள வகுத்த ஒரு வசதி, எல்லா வகைத் தரவும் கடக்க வேண்டிய வாசலாயிற்று.

இம்மூன்றும் அதை எதிர்கொள்ளும் விதம் வேறு வேறு. போஸ்ட்கிரெஸ் தன் உரை வகைகளில் சுழிய பைட்டை ஏற்பதில்லை. பிழை காட்டி நிறுத்திவிடும். யூனிகோடில் சுழியமும் முறையான எழுத்துக்குறியாயிற்றே என்ற வாதம் அங்கே எடுபடாது. வட்டில் ஒவ்வொரு மதிப்பும் நீளத்துடன்தான் எழுதப்படுகிறது என்பதால் சேமிப்பில் தடை ஏதுமில்லை. மதிப்பை உள்ளே வாங்கி வெளியே தரும் செயற்கூறுகளும், அகரவரிசைப்படுத்த இயங்குதளத்திடம் கேட்கும் செயற்கூறுகளும் சி மொழிச் சரத்தையே எதிர்பார்ப்பதே தடை. ஜேசான்பி வகையும் சுழியக் குறியை மறுக்கிறது. இருமத் தரவுக்கென்று பைட்ஏ என்ற தனி வகை இருக்கிறது.

எஸ்கியூலைட் எதிர்த்திசையில் செல்கிறது. உரை நெடுவரிசைக்குள் சுழியம் கலந்த சரத்தை மறுப்பின்றி ஏற்கும். ஆனால் நீளம் கேட்டால் முதல் சுழியம் வரைதான் எண்ணும். கட்டளைவரிக் கருவியும் அதுவரைதான் காட்டும். தரவு முழுதாக உள்ளே இருக்க, பார்ப்பவர் கண்ணுக்குப் பாதி மட்டும் தெரியும். இரண்டில் போஸ்ட்கிரெஸின் கண்டிப்பே நேர்மையானது என்பது என் துணிபு. மறுக்கப்பட்ட தரவு அனுப்பியவர் கையிலேயே இருக்கிறது. அவர் வேறு வழி தேடலாம். அரைகுறையாகத் தெரியும் தரவை நம்பி எடுக்கும் முடிவுகளுக்கு அத்தகைய மீட்சி இல்லை.

மைஎஸ்கியூஎல்லில் ஆபத்து இடம் மாறுகிறது. நிலைநீள பைனரி வகையில் மதிப்பு குறுகியிருந்தால், 5.0.15ஆம் பதிப்பு முதல் அது வலப்புறம் சுழியங்களால் நிரப்பப்படுகிறது. படிக்கும்போது அவை நீக்கப்படுவதில்லை. நிரப்பிய சுழியம் எது, தரவுக்குரிய சுழியம் எது என்று அதன்பின் யாராலும் சொல்ல இயலாது. பயன்பாட்டு நிரல் வால்பகுதிச் சுழியங்களை வெட்டிவிட்டால், உண்மையிலேயே சுழியத்தில் முடியும் மதிப்புகள் சிதையும். பைட்டுகள் சமவாய்ப்புடன் அமைந்தால் அத்தகையவை 256க்கு ஒன்று.

பிழை ஒளிந்திருக்க இந்த விகிதங்களே இடம் தருகின்றன. எஸ்எச்ஏ-256 சுருக்கத்தில் 32 பைட்டுகள். அவற்றுள் ஒன்றாவது சுழியமாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 12 விழுக்காடு. முதல் பைட்டே சுழியமாகும் வாய்ப்பு 0.4 விழுக்காடு. நாலைந்து மாதிரிகளை வைத்துச் சோதிப்பவர் எதையும் காணாமலே போகலாம். நின்டெண்டோ வீ விளையாட்டுப் பொறியில் நேர்ந்தது இதுவே. அங்கே கையொப்பத்தைச் சரிபார்க்கையில் எஸ்எச்ஏ-1 சுருக்கங்கள் சரங்களை ஒப்பிடும் செயற்கூறால் ஒப்பிடப்பட்டன. இரண்டும் சுழியத்தில் தொடங்கினால் ஒப்பீடு அங்கேயே நின்று, இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடும். உள்ளடக்கத்தில் பயனற்ற ஒரு பகுதியைச் சராசரியாக 256 முறை மாற்றிப் பார்த்தாலே போலிக் கையொப்பம் செல்லுபடியாயிற்று.

தமிழ் உரைக்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. யூடிஎஃப்-16இல் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 11 என்ற பைட்டைத் தாங்கியிருக்கிறது. மற்ற பைட்டும் தமிழ் எழுத்துகளுக்குச் சுழியமாவதில்லை. ஆனால் இடைவெளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் ஆங்கில எழுத்துகளுக்கும் சுழிய பைட்டு உண்டு. எனவே யூடிஎஃப்-16 பைட்டுகளைச் சரமாகக் கையாளும் நிரல், ஆங்கில உரையை முதல் எழுத்துக்குள்ளேயே கெடுத்துவிடும். தமிழில் ஒற்றைச் சொல்லை முழுதாகக் காப்பாற்றி, வாக்கியத்தை முதல் சொல்லோடு நிறுத்திவிடும். ஒரே சொல்லான பெயர்களை மட்டும் இட்டுச் சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

பேஸ்64ஆக மாற்றி உரை நெடுவரிசையில் வைத்தால் போதாதா என்பது வலுவான எதிர்வாதம். சுழியம் மறைந்துவிடும் என்பது மெய். ஜேசான் வழியே அனுப்ப வேண்டிய இடத்தில் அம்முறை தேவையும்கூட. சேமிப்பில் அது மூன்றில் ஒரு பங்கு இடத்தைக் கூட்டும். அதைவிடக் கவலைக்குரியது ஒப்பீடு. மூன்று சுழிய பைட்டுகள் பேஸ்64இல் ஆங்கிலப் பேரெழுத்து ‘ஏ’ நான்காகும்; 105, 166, 154 என்னும் பைட்டுகள் சிற்றெழுத்து ‘ஏ’ நான்காகும். மைஎஸ்கியூஎல்லின் இயல்பான ஒப்பீட்டு விதி பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாட்டைக் கருதாது. இவ்விரு மதிப்புகளும் அதற்கு ஒன்றே. தனித்துவக் கட்டுப்பாடு இட்ட நெடுவரிசையில் இரண்டாவது மதிப்பு நுழையவே முடியாது. உரையல்லாததை உரையாக்கினால், உரைக்குரிய விதிகளும் அதன் மேல் பாயும்.

ஆகவே நெடுவரிசை வகை போஸ்ட்கிரெஸில் பைட்ஏ, மற்ற இரண்டில் இருமத் தரவுக்குரிய பிளாப் ஆக இருக்க வேண்டும் என்பதோடு பணி முடிவதில்லை. வழி நெடுகிலும் நீளம் உடன்வர வேண்டும். மைஎஸ்கியூஎல்லின் சி நூலகத்தில் வினவலை அனுப்ப இரு செயற்கூறுகள் இருப்பதும் இதனால்தான்: ஒன்று முடிவுக்குறியை நம்புகிறது, மற்றது நீளத்தைக் கேட்கிறது. இருமத் தரவு கலந்த வினவலுக்கு இரண்டாவதே உரியது. போஸ்ட்கிரெஸின் சி நூலகத்திலும் உரை வடிவ அளவுருவுக்குத் தரும் நீளம் புறக்கணிக்கப்படுகிறது. இரும வடிவம் என்று குறித்தால்தான் அது மதிக்கப்படும். இருமத் தரவை வினவலுக்குள் ஒட்டி எழுதாமல், நீளத்தோடு கூடிய இரும அளவுருவாக அனுப்புங்கள். நீளம் நிலையான நெடுவரிசைக்கு பைட்டு எண்ணிக்கைக் கட்டுப்பாடு இடுங்கள். சோதனைத் தரவில் தொடக்கத்தில், நடுவில், இறுதியில் சுழியம் உள்ள மூன்று மதிப்புகளையும் தவறாமல் சேருங்கள்.