சிக்கனமாக ஓவியம் படிப்பது எப்படி? - 1879இல் வந்த ஒரு வழிகாட்டி

வெளிநாட்டுக்குப் போய் ஓவியம் படிக்க ஆசைப்படும் எவருக்கும் முதலில் எழும் கேள்விகள் இரண்டு. எந்தக் கல்லூரி நல்லது? அந்த ஊரில் மாதம் எவ்வளவு செலவாகும்? முதல் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை இரண்டாவது கேள்வி பல நேரம் அடித்துவிடும். இது இன்றைய மாணவர்களின் தலைவலி மட்டும் என்று நினைத்தால் தவறு. சுமார் நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே இதே கணக்கைப் போட்டுப் பார்த்து, அதை ஒரு சின்னப் புத்தகமாகவும் எழுதி வெளியிட்டார் ஒரு பெண்.

அவர் பெயர் மே ஆல்காட் நீரிக்கர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1879இல் அந்தப் புத்தகம் வெளியானது. அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'வெளிநாட்டில் கலை பயில்வதும் அதை மலிவாகச் செய்யும் வழியும்' என்று வரும். 'மலிவாக' என்ற சொல்லைத் தலைப்பிலேயே கூச்சப்படாமல் போட்டிருந்தார்.

யார் இந்த மே?

'லிட்டில் விமன்' நாவலைப் படித்தவர்களுக்கு ஓவியம் வரையும் கடைசித் தங்கை ஏமியைத் தெரிந்திருக்கும். அந்த ஏமியின் அசல்தான் மே. நாவலை எழுதிய லூயிசா மே ஆல்காட் இவருடைய அக்கா. 1868இல் வந்த அந்த நாவலின் முதல் பாகத்துக்குப் படம் வரைந்தவரும் மேதான். ஆனால் அந்தப் படங்களுக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. மனித உருவங்களைச் சரியாக வரையத் தெரியவில்லை என்பதே முக்கியமான புகார்.

மனித உருவத்தை வரைய, மாடலை எதிரில் நிறுத்தி மாதக்கணக்கில் வரைந்து பழக வேண்டும். அதற்கு அன்றைக்குச் சிறந்த இடம் ஐரோப்பா. ஆல்காட் குடும்பமோ காலமெல்லாம் கடனில் இருந்த குடும்பம். அக்காவின் நாவல் விற்ற பணத்தில்தான் தங்கையின் பயணங்கள் நடந்தன. 1870, 1873, 1876 என்று மூன்று முறை மே ஐரோப்பா போனார். அடுத்தவர் உழைத்துச் சம்பாதித்த காசில் படிக்கிறவருக்கு ஒவ்வொரு காசும் கணக்குதானே!

எந்த ஊர்?

அன்றைய அமெரிக்க மாணவர்கள் முன்னால் நாலைந்து ஊர்கள் இருந்தன.

சிற்பம் படிப்பவர்கள் ரோமுக்குப் போனார்கள். அங்கே பளிங்குக் கல் பக்கத்திலேயே கிடைத்தது. கல் செதுக்கும் தொழிலாளர்களுக்குக் கூலி குறைவு. பழைய சிற்பங்கள் ஊரெல்லாம் இருந்தன. ஹாரியட் ஹாஸ்மர் 1852இல் ரோமில் குடியேறினார். கறுப்பின, பூர்வகுடி வம்சாவளியில் வந்த எட்மோனியா லூயிஸ், உள்நாட்டுப் போரில் இறந்த ராபர்ட் கூல்ட் ஷா என்ற தளபதியின் மார்பளவுச் சிலையைச் செய்து, அதன் பிளாஸ்டர் நகல்களை விற்றுச் சேர்த்த பணத்தில் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறி ரோம் போய்ச் சேர்ந்தார்.

ஓவியம் படிக்க ஜெர்மனியின் மியூனிக் நகரம் இருந்தது. வில்லியம் மெரிட் சேஸ் 1872இல் அங்கே போனார். செயின்ட் லூயிஸ் நகர வியாபாரிகள் சிலர் அவருக்குப் பணம் கொடுத்தார்கள். பதிலுக்கு அவர் ஓவியங்கள் தரவேண்டும் என்று ஏற்பாடு. பாரிஸுக்குப் போனால் கவனம் சிதறும், மியூனிக்கில் அந்தத் தொல்லை இல்லை என்பது அவருடைய கணக்கு. ஆனால் மியூனிக் அகாதெமி அப்போது பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

லண்டனில் ராயல் அகாதெமி பள்ளியில் கட்டணம் கிடையாது. 1860இல் லாரா ஹெர்ஃபோர்ட் என்பவர் தன் முழுப்பெயரை எழுதாமல் 'எல். ஹெர்ஃபோர்ட்' என்று மட்டும் கையெழுத்திட்டு ஓவியங்களை அனுப்பினார். ஆண் என்று நினைத்து இடம் கொடுத்துவிட்டார்கள்! பெண்களுக்கு அந்தக் கதவு திறந்தது இப்படித்தான். திறந்தாலும் பாதிதான். உயிருள்ள மாடலை வரையும் வகுப்பு பெண்களுக்குக் கிடைக்க 1893 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1871இல் லண்டனில் தொடங்கிய ஸ்லேட் பள்ளி முதலிலிருந்தே பெண்களைச் சேர்த்துக்கொண்டது.

கடைசியாகப் பாரிஸ். பெரும்பாலோருக்கு அதுதான் கனவு.

இலவசக் கல்லூரி யாருக்கு இலவசம்?

பாரிஸில் அரசாங்கக் கலைக் கல்லூரியான எக்கோல் தெ போஸார் இருந்தது. அங்கே கற்றுக்கொடுப்பதற்குக் கட்டணம் இல்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கு மட்டுமல்ல, வெளிநாட்டவருக்கும்தான்! முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும், சொந்த நாட்டுத் தூதரின் கடிதம் வேண்டும், நுழைவுத் தேர்வில் தேற வேண்டும். அவ்வளவுதான். பிலடெல்ஃபியாவில் கையெழுத்துக் கலை சொல்லிக்கொடுத்துவந்த ஒருவரின் மகன் தாமஸ் ஈக்கின்ஸ் 1866இல் இங்கே சேர்ந்து, ஜெரோம் என்ற புகழ்பெற்ற ஓவியரிடம் படித்தார். பின்னாளில் அமெரிக்காவின் பெரிய ஓவியர்களில் ஒருவரானார். புதிதாகச் சேரும் மாணவன் பழைய மாணவர்கள் எல்லோருக்கும் குடிக்க வாங்கித் தரவேண்டும் என்ற ராகிங் செலவு ஒன்று உண்டு. அதையும் சேர்த்தாலும் சாதாரணக் குடும்பத்துப் பையனுக்கு இது பெரிய வாய்ப்பு.

அதே 1866இல் பிலடெல்ஃபியாவிலிருந்து மேரி கசாட் என்ற பெண்ணும் பாரிஸ் போனார். அவரும் அதே ஜெரோமிடம் படித்தார். ஆனால் கல்லூரியில் இல்லை, காசு கொடுத்துத் தனிப்பாடமாக! காரணம், எக்கோலில் பெண்களுக்கு அனுமதி கிடையாது. ஒரே ஊரிலிருந்து, ஒரே வருடத்தில், ஒரே ஆசிரியரிடம் இருவர் வந்தார்கள். ஒருவருக்குப் பாடம் இலவசம், இன்னொருவருக்குக் கட்டணம். ஈக்கின்ஸ் போட்ட செலவுக் கணக்கு கசாட்டுக்குப் பயன்படாது.

இரு மடங்கு கட்டணம்

கல்லூரிக் கதவு மூடியிருந்ததால் தனியார் பள்ளிகள் முளைத்தன. அவற்றில் பெயர்பெற்றது 1868இல் ரொடோல்ஃப் ஜூலியான் தொடங்கிய அகாதெமி ஜூலியான். நுழைவுத் தேர்வு இல்லை. பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பணம் கட்டினால் சேரலாம். ஒரு மாடல் வாரம் முழுவதும் ஒரே நிலையில் நிற்பார். மாணவர்கள் நெருக்கியடித்து ஈசலைப் போட்டு வரைவார்கள். பெரிய ஓவியர்கள் அவ்வப்போது வந்து திருத்திவிட்டுப் போவார்கள். ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த மாரி பஷ்கிர்ட்செஃப் 1877இல் இங்கே சேர்ந்தார். அவருடைய நாட்குறிப்பு பின்னர் உலகப் புகழ் பெற்றது.

பெண்களுக்கு ஜூலியான் செய்தது பெரிய உதவி. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. பெண்களிடம் வாங்கிய கட்டணம் ஆண்களிடம் வாங்கியதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. ஏன்? ஆண்களுக்கு ஜூலியானை விட்டால் இலவசமான எக்கோல் இருந்தது. பெண்களுக்குப் போக்கிடம் குறைவு. வேறு வழி இல்லாதவரிடம் விலையை ஏற்றலாம் என்பது எந்தக் கடைக்காரருக்கும் தெரிந்த விஷயம்தான். அரசாங்கம் ஒரு கதவைச் சாத்தியது. அதனால் பக்கத்துக் கதவுக்கு வாடகை ஏறியது.

மே 1876இல் பாரிஸ் வந்தபோது ஜூலியானில் சேரவில்லை. பெண்களுக்கென்றே க்ரூக் என்ற ஓவியர் நடத்திய ஸ்டூடியோவில் சேர்ந்தார். அமெரிக்கத் தோழிகளோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டார். 1877இல் அவருடைய ஓவியம் ஒன்று பாரிஸ் சலோன் கண்காட்சிக்குத் தேர்வானது. பழங்களையும் பாத்திரங்களையும் வைத்து வரையும் வகை ஓவியம் அது. 'லிட்டில் விமன்' படங்களுக்காகக் கேலி செய்யப்பட்டவருக்கு இது சின்ன வெற்றி அல்ல.

அந்த அனுபவத்தையெல்லாம் அவர் மூடிவைத்துக்கொள்ளவில்லை. லண்டன், பாரிஸ், ரோம் ஆகிய ஊர்களில் எங்கே படிக்கலாம், எந்தப் பகுதியில் தங்கலாம், எதை எங்கே வாங்கினால் மிச்சமாகும் என்று எழுதினார். வசதி குறைந்த பெண்களை மனதில் வைத்து எழுதிய புத்தகம் அது. பணக்காரப் பெண்களுக்கு வழி சொல்ல ஆள் இருந்தது. மற்றவர்களுக்கு இல்லை.

படித்துக்கொண்டே சம்பாதித்தவர்கள்

வாடகையைச் சமாளிக்க அன்றைக்கும் பகுதி நேர வேலை உண்டு. அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து புகழ்பெற்ற ஓவியங்களை நகல் எடுத்து விற்பதுதான் அந்த வேலை. வண்ணப் புகைப்படம் இல்லாத காலம். அமெரிக்க வீடுகளில் நல்ல நகல்களுக்குக் கிராக்கி இருந்தது. 1864இல் பாரிஸ் வந்த எலிசபெத் கார்ட்னர் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நகல் எடுத்தே பிழைத்தார். ஆண்கள் மட்டுமே படித்த ஓவிய வகுப்பு ஒன்றில் சேர ஆண் வேடம் போட்டுப் போனவரும் இவர்தான். மேயும் லண்டனில் டர்னரின் ஓவியங்களை நகல் எடுத்தார். அவற்றைக் கலை விமர்சகர் ரஸ்கின் பாராட்டினார். நகல் எடுப்பது வருமானம் மட்டுமல்ல, அதுவே ஒரு படிப்பாகவும் இருந்தது.

பணம் இருந்தும் கிடைக்காத அறை

பிறகு நிலைமை மெல்ல மாறியது. சிற்பி எலேன் பெர்த்தோ 1881இல் பெண் கலைஞர்களுக்கான சங்கத்தைத் தொடங்கிப் போராடினார். 1893இல் எலிசபெத் மில்ஸ் ரீட் என்பவர் பாரிஸில் அமெரிக்கப் பெண் மாணவிகளுக்காக ஒரு விடுதி தொடங்கினார். குறைந்த வாடகை, பாதுகாப்பான அறை. 1897இல் எக்கோல் தெ போஸார் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஆண் மாணவர்கள் அதை எதிர்த்து ஆர்ப்பாட்டமே செய்தார்கள்.

இனி எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லலாமா? 1899இல் பிலடெல்ஃபியாவிலிருந்து மெட்டா வாரிக் என்ற கறுப்பினப் பெண் சிற்பம் படிக்கப் பாரிஸ் வந்தார். அந்த அமெரிக்க மாணவிகள் விடுதியில் தங்குவதாகத் திட்டம். வாசலில் அவருடைய நிறத்தைப் பார்த்ததும் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிரான்ஸ் வந்து இறங்கிய பிறகும் அமெரிக்க நிறவெறி அவரை விடவில்லை.

அவருக்கு வேறு அறை தேட உதவியவர் ஹென்றி ஒஸாவா டானர். அவரும் கறுப்பின ஓவியர். 1891இல் ரோமுக்கென்று கிளம்பி, வழியில் பாரிஸ் பிடித்துப்போய் அங்கேயே தங்கி ஜூலியானில் படித்தவர். மெட்டா விடாமல் கொலரோஸி அகாதெமியில் படித்தார். ரோடானின் பாராட்டைப் பெற்றார். 1903இல் அவருடைய சிற்பம் பாரிஸ் சலோனில் இடம்பெற்றது.

கணக்கில் வராத செலவு

மே ஆல்காட் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1878இல் எர்னஸ்ட் நீரிக்கர் என்ற சுவிட்சர்லாந்துக்காரரை மணந்து பாரிஸ் பக்கத்திலேயே குடியிருந்தார். 1879இல் மறுபடி சலோனில் அவருடைய ஓவியம் இடம்பெற்றது. அதே வருடம் புத்தகமும் வந்தது. நவம்பர் 8இல் பெண் குழந்தை பிறந்தது. டிசம்பர் 29இல் மே இறந்துபோனார். வயது 39. குழந்தைக்கு அக்காவின் பெயரையே வைத்திருந்தார். அந்தக் குழந்தையைக் கடல் கடந்து வரவழைத்து வளர்த்தவரும் அக்காதான்.

கட்டணம், வாடகை, சாப்பாடு, வண்ணம், கேன்வாஸ் - வெளிநாட்டுப் படிப்புக்குப் பட்டியல் போடுகிறவர்கள் எழுதுவது இவற்றைத்தான். அன்றைய பாரிஸின் வரலாறு இன்னொரு வரியையும் எழுதச் சொல்கிறது: 'இந்த விலை யாருக்கு?' ஈக்கின்ஸுக்கு இலவசமாகக் கிடைத்தது கசாட்டுக்குக் காசுக்குக் கிடைத்தது. மற்ற பெண்களுக்குக் கிடைத்த மலிவான அறை மெட்டாவுக்குக் காசு கொடுத்தும் கிடைக்கவில்லை. கல்லூரியின் அறிவிப்பில் இருக்கும் தொகை ஒன்றுதான். அதைக் கட்டப் போகிறவர் யார் என்பதைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருந்தது.

அதனால்தான் முன்னால் போய் வந்தவர் எழுதிவைக்கும் குறிப்புக்கு இவ்வளவு மதிப்பு. பின்னால் வரும் ஒருத்தி ஏமாறக்கூடாது என்று விலைகளையும் விலாசங்களையும் எழுதிவைத்தார் மே. அக்கா எழுதிய நாவலை உலகமே படித்தது. தங்கையின் சின்னப் புத்தகத்தைப் படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கப்பல் ஏறிய பெண்ணுக்கு அதுதானே துணை?