போதை நோயும் முஸ்லிம்களின் மருத்துவ வரலாறும்



மது ஹராம் என்பதை அறியாத முஸ்லிம் எவரும் இலர். அது குறித்து மிம்பர்களில் ஆண்டுதோறும் பேசப்படுகிறது. ஆயினும், மதுவுக்கோ கஞ்சாவுக்கோ போதை மாத்திரைக்கோ அடிமையானவர் எங்கள் மஹல்லாவில் ஒருவரும் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மில் எத்தனை பேரால் இயலும்?

அத்தகைய ஒருவர் இருக்கும் வீட்டில் என்ன நடக்கிறது? தாய் அழுகிறாள். தந்தை அடிக்கிறார், அல்லது வீட்டை விட்டுத் துரத்துகிறார். அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாமல் மூடி மறைக்கிறார்கள். ‘நிக்காஹ் செய்து வைத்தால் திருந்திவிடுவான்’ என்று எண்ணி, ஒன்றுமறியாத ஒரு பெண்ணின் வாழ்வையும் சேர்த்துப் பாழாக்குவோர் உண்டு. மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் குடும்பங்களோ மிகச் சில. இந்திய அரசு 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட தேசிய அளவிலான ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் ஏறத்தாழ 38 பேருக்கு ஒருவர் மட்டுமே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றிருக்கிறார்.

பாவம் என்று தெரிந்தும் விடமுடியாமல் தவிக்கும் ஒருவரை எவ்வாறு அணுகுவது? இக்கேள்விக்கு நம் முன்னோர்களின் வரலாறு தெளிவான விடையை வைத்திருக்கிறது.

மதீனாவின் அணுகுமுறை

மதுவில் ஊறித் திளைத்த ஒரு சமுதாயத்தில்தான் இஸ்லாம் தோன்றியது. அல்லாஹ் அதனை ஒரே நாளில் தடை செய்துவிடவில்லை. முதலில் அதில் பயனைவிடத் தீங்கே மிகுதி என்று உணர்த்தப்பட்டது (2:219). அடுத்து, போதையோடு தொழுகையை நெருங்குவது தடுக்கப்பட்டது (4:43). உள்ளங்கள் பக்குவமடைந்த பின்னரே முழுமையான தடை இறங்கியது (5:90, 91). அச்செய்தி கேட்ட மாத்திரத்தில் மதீனாவின் வீதிகளில் மது கொட்டப்பட்டு ஓடிய வரலாற்றை நாம் அறிவோம்.

தாரிக் பின் ஸுவைத் (ரலி) அவர்கள், மருந்துக்காக மது தயாரிப்பது பற்றி வினவியபோது, அது மருந்தன்று, நோய் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியதாக முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியுள்ளான், ஆகவே சிகிச்சை பெறுங்கள் என்பதும் அவர்களது போதனையே. இவ்விரண்டையும் இணைத்துச் சிந்திப்போருக்கு வழி புலப்படும்.

தடை வந்த பிறகும் குடிப்பழக்கத்திலிருந்து மீள இயலாத சிலர் இருந்தனர். அப்துல்லாஹ் என்னும் ஒருவர் குடித்த குற்றத்திற்காகப் பலமுறை கொண்டுவரப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். ஒருமுறை கூட்டத்தில் இருந்த ஒருவர், இவர் எத்தனை முறைதான் கொண்டுவரப்படுகிறார் என்று கூறிச் சபித்தார். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி பகர்ந்தார்கள். புகாரியில் இடம்பெறும் நிகழ்ச்சி இது. குற்றத்திற்குத் தண்டனை இருந்தது. ஆனால் மீண்டும் மீண்டும் விழுந்த அந்த மனிதர் சமுதாயத்திலிருந்து வெட்டி எறியப்படவில்லை.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் ஷாம் நாட்டைச் சேர்ந்த வீரர் ஒருவர் மதுவில் மூழ்கிவிட்டார் என்ற செய்தி எட்டியது. கலீஃபா அவர்கள், பாவத்தை மன்னிப்பவனும் தவ்பாவை ஏற்பவனுமாகிய இறைவனைப் பற்றிய வசனத்தை (40:3) எழுதி அவருக்கு மடல் அனுப்பினார்கள். அவருக்காக துஆச் செய்யுமாறு அவையினரையும் கேட்டுக்கொண்டார்கள். மடலைத் திரும்பத் திரும்பப் படித்த அவர், அழுது திருந்தினார். வழுக்கி விழுந்த சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணை போகாதீர்கள் என்பதே உமர் (ரலி) அவர்கள் அன்று புகட்டிய பாடம். இந்நிகழ்ச்சியை இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் தம் தஃப்ஸீரில் எடுத்துரைக்கிறார்கள்.

மருத்துவ மேதைகள் கண்ட உண்மை

இந்த அடித்தளத்தின் மீதே பிற்கால முஸ்லிம் மருத்துவர்கள் தம் ஆய்வுகளை நிகழ்த்தினர். பல்க் நகரைச் சேர்ந்த அபூ ஸைத் அல்பல்கீ (கி.பி. 850-934) உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் இரு பகுதிகளாக விளக்கினார். உடலுக்கு நோய் வருவது போலவே உள்ளத்திற்கும் வரும் என்றார் அவர். கவலை, அச்சம், கோபம், வஸ்வாஸ் எனப்படும் ஓயாத எண்ணச் சுழல் ஆகியவற்றைத் தனித்தனியே வகைப்படுத்தினார். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணமே புலப்படாமல் வரும் துக்கம் வேறு என்று பிரித்துக் காட்டினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இப்பாகுபாடு இன்றைய மனநல மருத்துவர்களையும் வியக்கச் செய்கிறது.

அவர் காலத்தவரான அபூபக்ர் அர்ராஸீ, ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை வகித்தவர். உள்ளத்திற்கான மருத்துவம் பற்றி அவர் எழுதிய ‘அத்திப்புர் ரூஹானீ’ என்னும் நூலில், பேராசை, பொறாமை, கோபம் ஆகியவற்றோடு குடிப்பழக்கத்திற்கும் தனி அத்தியாயம் ஒதுக்கினார்.

பதினோராம் நூற்றாண்டின் பேரறிஞர் அல்பீரூனீ, மருந்துகள் பற்றிய தம் நூலில் அபினைக் குறித்துக் கூர்மையான ஒரு செய்தியைப் பதிவு செய்தார். வெப்ப நாடுகளில் துயரம் தணிக்க அதனை அன்றாடம் உண்போர் சிறு அளவில் தொடங்குகின்றனர். அந்த அளவு படிப்படியாக உயர்ந்து, பிறரைக் கொல்லும் அளவையும் எட்டிவிடுகிறது என்றார். உடல் போதைக்குப் பழகப் பழக மேலும் கேட்கும் என்று இன்றைய மருத்துவம் கூறுவதும் இதைத்தான்.

பதினாறாம் நூற்றாண்டில் ஈரானில் வாழ்ந்த இமாதுத்தீன் மஹ்மூத் ஷீராஸீ என்னும் மருத்துவர் அபினுக்கென்றே தனி நூல் எழுதினார். அபினின் தீமை, அளவைக் குறைத்து விடுபடும் முறை ஆகியவை அதில் பேசப்படுகின்றன. அவரே அபினுக்கு அடிமைப்பட்டிருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. கற்றறிந்த மருத்துவரையும் இந்நோய் பிடிக்கும் என்பதற்கு அவரே சான்று.

வக்ஃபு வளர்த்த மருத்துவமனைகள்

டமாஸ்கஸில் 1154இல் நூருத்தீன் ஸன்கீ நிறுவிய மருத்துவமனையிலும், கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் நிறுவிய மன்ஸூரி மருத்துவமனையிலும் மனநோயாளிகளுக்குத் தனிப்பகுதி இருந்தது. துருக்கியின் எடிர்னே நகரில் 1488இல் இரண்டாம் பாயஸீத் கட்டிய மருத்துவமனையில் நீரூற்றின் ஓசையும் இசையும் மலர்களின் மணமும்கூட சிகிச்சைக்குப் பயன்பட்டதாகப் பயணி எவ்லியா செலபீ எழுதியுள்ளார். இவற்றின் செலவை வக்ஃபுச் சொத்துகளே ஏற்றன. அங்கும் குறைகள் இருந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் டமாஸ்கஸுக்கு வந்த இப்னு ஜுபைர், சங்கிலியால் பிணைக்கப்பட்ட மனநோயாளிகளையும் கண்டிருக்கிறார். ஆயினும், உள்ளம் நலிந்தோரைப் பராமரிப்பது சமுதாயத்தின் பொறுப்பு என்ற கொள்கை அங்கு வேரூன்றியிருந்தது.

ஒரு தந்தையின் இரு மக்கள்

முகலாயப் பேரரசர் அக்பரின் வீட்டிலேயே இந்நோய் புகுந்தது. அவருடைய மகன் முராத் குடியால் மாண்டார். மற்றொரு மகன் தானியாலுக்கு மது கிடைக்காதபடி காவல் போடப்பட்டது. தானியாலோ துப்பாக்கி வீரன் ஒருவனை இணங்கச் செய்து, துப்பாக்கிக் குழாயில் மதுவை ஊற்றி வரவழைத்துக் குடித்தார். குழாயின் துருவும் மருந்துப் பொடியும் கலந்த அந்த மதுவே அவருடைய உயிரைக் குடித்தது.

மூத்தவரான ஜஹாங்கீர் தம் கதையைத் தாமே எழுதி வைத்திருக்கிறார். 18 வயதில் தொடங்கிய பழக்கம், இருமுறை காய்ச்சி வடித்த சாராயம் நாளொன்றுக்கு 20 கோப்பை என்னும் அளவுக்கு வளர்ந்தது. கை நடுங்கியதால் கோப்பையைப் பிறர் பிடித்துக் குடிப்பாட்ட வேண்டியதாயிற்று. ஹகீம் ஹுமாம் என்னும் மருத்துவர், இப்படியே தொடர்ந்தால் ஆறு மாதத்தில் நிலைமை கைமீறிவிடும் என்று அஞ்சாது எடுத்துரைத்தார். ஜஹாங்கீர் அதை ஏற்று, மதுவின் வீரியத்தையும் அளவையும் சிறிது சிறிதாகக் குறைத்து, ஏழாண்டுகளில் ஆறு கோப்பைக்குக் கொண்டுவந்தார்.

அவர் முற்றிலும் மீண்டுவிடவில்லை. மதுவோடு அபினும் அவரைப் பற்றிக்கொண்டது. 1605இல் அரியணை ஏறியதும் மது தயாரிப்பையும் விற்பனையையும் தடை செய்து ஆணையிட்ட அவரே, தம்மளவில் குடித்துக்கொண்டிருந்ததை மறைக்காமல் எழுதுகிறார். சட்டம் இயற்றும் அதிகாரம் படைத்தவரும் இந்நோயின் முன் கைதியாக நின்றார். எனினும் காவலை மட்டும் நம்பிய வழியில் தானியாலின் உயிர் போயிற்று. மருத்துவரின் சொல்லுக்குச் செவிசாய்த்த ஜஹாங்கீர் மேலும் பல்லாண்டுகள் வாழ்ந்து 1627இல்தான் இறந்தார். பெற்றோர் சிந்திக்க வேண்டிய இடம் இது.

இன்றைய மருத்துவம் கூறுவது

இன்பத்தை உணர்த்தும் மூளைப் பகுதிகளில் டோபமைன் என்னும் வேதிப்பொருள் சுரக்கிறது. போதைப்பொருள் அதனை அளவுக்கு மீறிப் பெருக்குகிறது. நாளடைவில் மூளை அதற்கேற்ப மாறிவிடுவதால், போதையின்றி இயல்பாக இருப்பதே வேதனையாகிறது. தன்னைக் கட்டுப்படுத்தும் ஆற்றலும் நலிகிறது. மனச்சோர்வும் பதற்றமும் பலரிடம் இதனோடு சேர்ந்தே காணப்படுகின்றன. ஒன்றுக்கு மட்டும் சிகிச்சை அளித்து மற்றதை விட்டுவிட்டால் நோயாளி மீண்டும் பழைய நிலைக்கே திரும்பக்கூடும்.

ஒன்றை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். பல ஆண்டுகள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே அறையில் பூட்டி வைத்து நிறுத்த முயல்வது பேராபத்து. மருத்துவரின் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

ஹெராயின், அபின் போன்றவற்றுக்கு அடிமையானோருக்கு மெதடோன், புப்ரினார்ஃபின் ஆகிய மருந்துகள் அளவோடு தரப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2005இல் இவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ‘போதைக்குப் பதில் போதையா?’ என்று சிலர் ஐயுறலாம். முறையான அளவில் தரப்படும்போது இம்மருந்து ஏக்கத்தை அடக்கி, உழைக்கவும் தொழவும் குடும்பத்தோடு வாழவும் இடமளிக்கிறது. மலேசியாவில் கோலாலம்பூரின் அர்ரஹ்மான் மஸ்ஜிதிலேயே 2010இல் மலாயா பல்கலைக்கழக மருத்துவர்களின் துணையோடு மெதடோன் சிகிச்சை தொடங்கப்பட்டது. மருந்தும் மார்க்க போதனையும் ஒரே வளாகத்தில் கிடைத்தன.

ஏர்வாடியை மறக்கலாமா?

நம் தமிழகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் நிகழ்ந்த கொடுமையை எண்ணிப் பாருங்கள். மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த தனியார் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓடித் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களைக் குடும்பத்தினர் அங்கே விட்டுச் சென்றது பெரும்பாலும் கல்நெஞ்சத்தால் அன்று. வேறு வழி அறியாமையாலும் ஊராரின் ஏளனத்திற்கு அஞ்சியுமே விட்டுச் சென்றனர். சிகிச்சைக்குப் பதிலாகச் சங்கிலியை ஏற்றுக்கொண்டதன் விலை அது. குஜராத்தின் உனாவாவிலுள்ள மீரா தாதார் தர்காவில் 2008 முதல் துஆவுக்கு வருவோருக்கு அங்கேயே மனநல மருத்துவமும் கிடைக்கச் செய்தனர். அவ்வழி ஏர்வாடிக்கும் பின்னர் வந்தது.

சகோதரர்களே! மது, போதைப்பொருளால் விளையும் மனநலக் கேடும் மனநோயே என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் ஏற்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் உள்ளன. போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்களை அரசு வழங்கியுள்ளது. ஜமாஅத் நிர்வாகிகள் இவற்றை மஸ்ஜிதின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். சிகிச்சைச் செலவுக்கு வழியற்ற குடும்பத்திற்கு பைத்துல்மாலிலிருந்து உதவலாம். இமாம்கள் குடும்பத்தின் மானம் காத்து, தனியே அழைத்து ஆறுதல் கூறி, மருத்துவரிடம் செல்ல ஆர்வமூட்டலாம். சிகிச்சை பெற்றுத் திரும்பியவர் மீண்டும் ஒருமுறை வழுக்கினால், ‘இவன் திருந்த மாட்டான்’ என்று கைவிடாதீர்கள். பலமுறை கொண்டுவரப்பட்ட அந்த நபித்தோழரை நினைத்துக்கொள்ளுங்கள்.

தவ்பாவின் வாசலைத் திறந்து வைத்திருப்பவன் அல்லாஹ். நோயைத் தந்து, அதற்கு மருந்தையும் படைத்தவன் அவனே. போதையில் சிக்கித் தவிக்கும் நம் பிள்ளைகளுக்குப் பூரண ஷிஃபாவையும், அவர்களுக்காகக் கண்ணீர் சிந்தும் பெற்றோருக்கும் மனைவியருக்கும் பொறுமையையும், அவர்களைத் தாங்கி நிற்கும் நல்லுள்ளத்தை நம் அனைவருக்கும் வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.