தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் எதிர்ப்பிரசாரம்

தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் ஆட்சிக்கு ஆளும் தகுதியே கிடையாது என்று உலகெங்கும் எழுந்த கண்டனத்தை அந்த ஆட்சி 1946 முதல் 1994 வரை எப்படி எதிர்கொண்டது என்பதன் வரலாறு இது. இதில் 1972 முதல் 1979 வரையிலான பகுதி மட்டும் விசாரணை ஆணைய அறிக்கைகளிலும் நீதிமன்றப் பதிவுகளிலும் நாளிதழ்ப் புலனாய்விலும் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. மற்றக் காலங்களுக்குச் சான்றுகள் குறைவு.

கண்டனத்தை முதலில் ஐ.நா. சபைக்குக் கொண்டுபோனது இந்தியா. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் தமிழரும் தெலுங்கரும் பெரும்பகுதி. அவர்கள் வழிவந்தவர்களும் பிற இந்தியர்களும் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் கட்டுப்படுத்தி 1946இல் ஸ்மட்ஸ் அரசு ஒரு சட்டம் இயற்றியது. அதை எதிர்த்து, தமிழ் வம்சாவளி மருத்துவர் மாண்டி நாயக்கரும் யூசுஃப் தாதூவும் தலைமையேற்க, டர்பனில் சத்தியாகிரகம் நடந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் சிறை சென்றார்கள். இந்தியா, விடுதலை பெறும் முன்பே, தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை நிறுத்தியது. ஐ.நா.வில் விஜயலட்சுமி பண்டிட் வாதாட, எதிரே அமர்ந்திருந்தவர் ஸ்மட்ஸ். ஐ.நா. சாசனத்தின் முகவுரை உருவானதில் பங்குகொண்டவரே அவர்தான். உள்நாட்டு விவகாரத்தில் தலையிட ஐ.நா.வுக்கு உரிமையில்லை என்று அதே சாசனத்தின் இரண்டாம் பிரிவைக் காட்டினார். 1946 டிசம்பர் 8 அன்று 32க்கு 15 என்ற வாக்கில், தேவையான மூன்றில் இரண்டு பங்கைச் சற்றே தாண்டி, இந்தியத் தரப்பின் தீர்மானம் நிறைவேறியது. ‘உள்நாட்டு விவகாரம்’ என்ற வாதத்தைப் பின்வந்த அரசுகளும் கைவிடவில்லை.

1960 மார்ச்சில் ஷார்ப்வில்லில் போராடிய கறுப்பின மக்களைக் காவலர்கள் சுட்டு 69 பேர் இறந்தபின் கண்டனம் பலமடங்கானது. மறு ஆண்டு தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்தை விட்டு வெளியேறியது.

1972இல் தகவல் துறைச் செயலராக எஷெல் ரூடி பொறுப்பேற்றார். விளக்கப் பிரசுரங்களும் சுற்றுலாப் படங்களும் பயன்தராது, மறைமுகமாகச் செயல்பட வேண்டும் என்பது அவர் கருத்து. பிரதமர் ஜான் ஃபோர்ஸ்டரும் தகவல் அமைச்சர் கானி முல்டரும் அதை ஏற்றார்கள். ஐந்தாண்டுகளில் சுமார் 6 கோடியே 40 லட்சம் ராண்ட் ஒதுக்கப்பட்டதாகப் பெரும்பாலான நூல்கள் கூறுகின்றன. பணம் பாதுகாப்புத் துறையின் ரகசியக் கணக்கு வழியாக வந்தது. ரகசியத் திட்டங்கள் 160 என்றும் 180 என்றும் கணக்குகள் வேறுபடுகின்றன.

அவற்றுள் மிகத் துணிச்சலானவை பத்திரிகைத் திட்டங்களே. அமெரிக்கத் தலைநகரின் ‘வாஷிங்டன் ஸ்டார்’ நாளிதழை வாங்குவதற்காக மிச்சிகனைச் சேர்ந்த பதிப்பாளர் ஜான் மெகாஃபுக்கு ஒரு கோடி டாலருக்கும் மேல் தரப்பட்டதாக விசாரணைகளில் தெரியவந்தது. அந்த நாளிதழ் அவர் கைக்கு வரவில்லை. கலிஃபோர்னியாவின் ‘சேக்ரமென்டோ யூனியன்’ வந்தது. குற்றச்சாட்டை மெகாஃப் மறுத்தார். அமெரிக்க அரசு தொடுத்த வழக்கு காலக்கெடு கடந்துவிட்டது என்ற காரணத்தால் 1980களில் தள்ளுபடியானது.

லண்டனிலும் நியூயார்க்கிலும் பெரிய நாளிதழ்களில் ‘பத்துப் பேர் சங்கம்’ என்ற பெயரில் பெருஞ்செலவிலான விளம்பரங்கள் வந்தன. ஐ.நா.வும் மேலை நாடுகளும் ஆளுக்கொரு நியாயம் பேசுகின்றன என்பதே அவற்றின் சாரம். சங்கத்தின் முகமாக இருந்த பிரிட்டிஷ் முன்னாள் நீதிபதி ஜெரால்ட் ஸ்பாரோ, பணம் தென்னாப்பிரிக்கத் தலைநகர் பிரிட்டோரியாவிலிருந்து வந்தது என்று பின்னர் வெளிப்படையாகச் சொன்னார்.

உள்நாட்டில் ‘ராண்ட் டெய்லி மெயில்’ நிறவெறியின் கொடுமைகளை விடாமல் எழுதிவந்தது. வெளிநாட்டு நிருபர்களும் அதையே நாள்தோறும் படித்தார்கள். அதை வெளியிட்ட நிறுவனத்தை உர வியாபாரி லூயி லைட்டை முன்னிறுத்தி விலைக்கு வாங்கும் முயற்சி தோற்றது. அதன்பின் 1976 செப்டம்பரில் அரசுப் பணத்தில் ‘தி சிட்டிசன்’ என்ற ஆங்கில நாளிதழ் தொடங்கப்பட்டது. உரிமையாளராக வெளியே தெரிந்தவர் லைட் மட்டுமே. அரசுப் பணம் அந்த நாளிதழுக்குப் போகவில்லை என்று 1978 மே மாதம் முல்டர் நாடாளுமன்றத்தில் சொன்னார். அந்தப் பொய்தான் அவரை வீழ்த்தியது.

ரகசியத்தை உடைத்தவர்கள் வெளிநாட்டார் அல்லர். தென்னாப்பிரிக்காவின் கணக்குத் தணிக்கை அதிகாரிகளும், ‘ராண்ட் டெய்லி மெயில்’, ‘சண்டே எக்ஸ்பிரஸ்’ நிருபர்களும், ஒரு நீதிபதியும்தான். அந்நியச் செலாவணி மீறல்களை விசாரித்துவந்த நீதிபதி ஆன்டன் மோஸ்டர்ட், தம்முன் வந்த சாட்சியங்களை 1978 நவம்பர் 2 அன்று செய்தியாளர்களை அழைத்து வெளியிட்டார். வெளியிட வேண்டாம் என்று புதிய பிரதமர் பி.டபிள்யூ. போத்தா கேட்டுக்கொண்டும் அவர் பின்வாங்கவில்லை. சில நாட்களில் அவருடைய ஆணையம் கலைக்கப்பட்டது. இந்த வரலாற்றில் தனியே நினைக்கத்தக்க நாள் அந்த நவம்பர் 2.

முல்டர் பதவி இழந்தார். குடியரசுத் தலைவராகியிருந்த ஃபோர்ஸ்டர் 1979 ஜூனில் விலகினார். நாட்டைவிட்டுப் போயிருந்த ரூடி பிரான்சிலிருந்து கொண்டுவரப்பட்டு ஆறாண்டு சிறைத்தண்டனை பெற்றார்; மேல்முறையீட்டில் விடுதலையானார். யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதில் சான்றுகள் முரண்படுகின்றன. ஃபோர்ஸ்டருக்குத் தெரியாது என்று முதலில் அறிவித்த, இந்த ஊழலை விசாரிக்க அமைக்கப்பட்ட எராஸ்மஸ் ஆணையம், பின்னைய அறிக்கையில் தெரிந்தே இருந்தது என்றது. பாதுகாப்பு அமைச்சராக இருந்த போத்தாவை ஆணையம் விடுவித்தது. மேலிடம் முழுவதும் அறிந்தே நடந்தது என்றார் ரூடி. அமெரிக்க செனட்டர்கள் சிலரைத் தோற்கடிக்கத் தென்னாப்பிரிக்கப் பணம் பயன்பட்டதாக அவர் சொன்னது ஐயமற நிறுவப்படவில்லை.

பிற துறைகளைப் பற்றிய குறிப்புகள் சுருக்கமானவை. 1974இல் ஐ.நா. பொதுச்சபையில் தென்னாப்பிரிக்கத் தூதுக்குழு பங்கேற்பது தடுக்கப்பட்டது. 1976 அக்டோபர் 26 அன்று, கறுப்பின மக்களுக்கென அந்த ஆட்சி ஒதுக்கிய டிரான்ஸ்கை பகுதி ‘சுதந்திர நாடு’ என்று அறிவிக்கப்பட்டபோது, அதை நிராகரிக்கும் தீர்மானம் ஐ.நா.வில் எதிர்ப்பின்றி 134 வாக்குகளுடன் நிறைவேறியது. அமெரிக்கா மட்டும் வாக்களிக்கவில்லை. 1977இல் ஐ.நா. ஆயுதத் தடை கட்டாயமாக்கப்பட, உள்நாட்டு ஆயுத நிறுவனமான ஆர்ம்ஸ்கோர் வளர்ந்தது. எண்ணெய்த் தடைக்கு மாற்றாக நிலக்கரியிலிருந்து எரிபொருள் எடுக்கும் சசோல் ஆலைகள் விரிவாக்கப்பட்டன.

விளையாட்டில் தடை ஆழமாகப் பாய்ந்தது. 1974 டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்காவைச் சந்திக்க இந்தியா மறுத்தது. சென்னையின் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் இருந்த அந்த அணி, வெல்லும் வாய்ப்பிருந்தும் கோப்பையை விட்டுக்கொடுத்தது. ஒரு கோப்பையைவிட ஒரு நியாயம் பெரிது என்று ஒரு நாடு காட்டிய இடம் அது. தென்னாப்பிரிக்க கிரிக்கெட் அமைப்பு பணத்தைக் கொட்டி வெளிநாட்டு வீரர்களை வரவழைத்தது. புரவலர் நிறுவனங்களுக்கு அரசு வரிச்சலுகை தந்தது. பந்துல வர்ணபுர தலைமையில் 1982இல் போன இலங்கை வீரர்களுக்கு அவர்கள் நாட்டு வாரியம் 25 ஆண்டுத் தடை விதித்தது. அது முழுக்காலமும் நீடிக்கவில்லை.

1985 ஆகஸ்டில் டர்பனில் போத்தா பெரும் சீர்திருத்தத்தை அறிவிப்பார் என்று உலகம் காத்திருந்தது; ஆனால் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. வெளிநாட்டு வங்கிகள் கடனைப் புதுப்பிக்க மறுக்க, ராண்டின் மதிப்பு சரிந்தது. மறு ஆண்டு அமெரிக்க காங்கிரஸ், அதிபர் ரீகனின் மறுப்பாணையைப் புறந்தள்ளிப் பொருளாதாரத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. வாஷிங்டனில் 1986இல் தொடங்கிய ‘சர்வதேசச் சுதந்திர அறக்கட்டளை’க்குத் தென்னாப்பிரிக்க ராணுவம் பணம் தந்தது என்று 1995இல் செய்தி வந்தது; ஆனால் அங்கே பணியாற்றியவர்கள் சிலர் அதை அறிந்திருக்கவில்லை என்கிறார்கள்.

‘ராண்ட் டெய்லி மெயில்’ 1985இல் மூடப்பட்டது. ‘தி சிட்டிசன்’ வேறு உரிமையாளர்களிடம் போய் இன்றும் வெளிவருகிறது. 1994இல் தென்னாப்பிரிக்கா ஐ.நா. பொதுச்சபையிலும் காமன்வெல்த்திலும் மீண்டும் இடம்பெற்றது. தடைகளை மீற உதவிய பணமும் ஆயுதமும் சென்ற வழிகளை ஹெனி வான் வூரன் 2017இல் ஒரு நூலில் விரிவாகத் தொகுத்தார். ஆனால் சான்றுகள் பல மிஞ்சவில்லை: தேசியப் புலனாய்வுத் துறை 1993இல் மட்டும் சுமார் 44 டன் ஆவணங்களை அழித்ததாக உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் அறிக்கை பதிவுசெய்கிறது.