பொலிவான படம், மிகையான கதிர்: டிஜிட்டல் ஊடுகதிர்ப் படத்தின் தரம் பற்றி

ஃபிலிம் காலத்தில் கதிர்வீச்சு மிகுந்தால் படம் கறுத்தது, குறைந்தால் வெளுத்தது. பிழை கண்ணுக்கே தெரிந்ததால் எக்ஸ்-ரே எடுப்பவர் அடுத்த படத்தில் அளவைத் திருத்திக்கொண்டார். 1983இல் ஃபியூஜி நிறுவனம் டிஜிட்டல் பாஸ்பர் தகட்டு முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் இந்தப் பிணைப்பு அறுந்தது. டிஜிட்டல் டிடெக்டர் மிகப் பரந்த வீச்சில் நேர்விகிதமாகத் துலங்குகிறது. பதிவான அளவு எதுவானாலும் கணினி அதைப் பழகிய பொலிவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஆகவே, திரையில் தெரியும் பொலிவு படத்தின் தரத்துக்குச் சான்றாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிக்சல் எண்ணிக்கையும் சான்றாகாது. 0.143 மி.மீ. இடைவெளியுள்ள டிடெக்டர் மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 3.5 கோட்டிணைகளை மட்டுமே பிரித்துக் காட்டும். நல்ல ஃபிலிம் இதைவிடக் கூடுதலாகவே காட்டியது. ஆயினும் அதனால் மட்டும் டிஜிட்டல் படத்தில் நோய்க்குறி தவறிவிடுவதில்லை. மங்கலான ஒரு முடிச்சு கண்ணில் படுமா என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது இரைச்சல்தான். குறிகை இரைச்சலைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு இருந்தால்தான் பொருளை நம்பி அடையாளம் காணலாம் என்று ஆல்பர்ட் ரோஸ் 1948இலேயே காட்டினார். ஒரு பிக்சலில் 10,000 ஃபோட்டான்கள் பதிந்தால் ஏற்ற இறக்கம் 100, அதாவது ஒரு சதவீதம். அதைப் பாதியாக்க நான்கு மடங்கு கதிர் வேண்டும். இந்த வர்க்கமூலக் கணக்கை எந்த மென்பொருளும் இலவசமாகத் தாண்டிவிட முடியாது. இரைச்சலை வழித்தெடுத்தால் நுண்விவரமும் கொஞ்சம் சேர்ந்தே போகும்.

சீசியம் அயோடைடு ஊசிப்படிகம் பூசிய தட்டை டிடெக்டர்கள், வந்துசேரும் ஃபோட்டான்களை வழக்கமான பாஸ்பர் தகட்டைவிடத் திறம்படப் பயன்படுத்துகின்றன. கதிரைக் குறைத்தும் அதே தரத்தைப் பெறலாம் என்பது இதன் பொருள். ஆனால் கதிரைக் குறைக்க வேண்டியவர் மனிதர். குறைவாகக் கொடுத்தால் படம் மணல்மணலாகிறது, மருத்துவர் குறைசொல்கிறார். மிகுதியாகக் கொடுத்தால் யாரும் வாய்திறப்பதில்லை. கண்டிப்பு ஒரே திசையில் இருக்கும்போது அளவு மெல்ல மேலேறுவதில் வியப்பில்லை.

இதைப் பிடிக்கத்தான் கதிர்ப்பதிவுக் குறியெண் வந்தது. தொடக்கத்தில் குழப்பமே மிஞ்சியது: கதிர் கூடினால் ஃபியூஜியின் எண் இறங்கும், கோடாக்கின் எண் ஏறும். 2008இன் ஐ.இ.சி. 62494-1 தரம் இதைச் சீராக்கியது. டிடெக்டர் பெற வேண்டிய அளவு முன்கூட்டியே இலக்காக வைக்கப்படுகிறது; அதிலிருந்து விலகலைக் காட்டும் எண் +3 என்றால் டிடெக்டர் பெற்றது இலக்கைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. −3 என்றால் பாதி.

இந்த எண்ணுக்கும் எல்லை உண்டு. இது டிடெக்டரை அடைந்த அளவு. நோயாளியின் உடல் ஏற்றதன்று. பருத்த உடலிலும் மெலிந்த உடலிலும் இதே எண் வரலாம், தோல் பெற்ற கதிரோ பன்மடங்கு வேறுபடும். உலோக மூட்டோ கதிர்படும் பரப்பின் பிழையான எல்லைக்கட்டோ கணக்கையே திரித்துவிடும். இவற்றினும் பெரிய குறை வேறொன்று: இலக்கையே உயர்த்தி வைத்துவிட்டால் விலகல் சுழியம் என்பதற்குப் பொருளில்லை. பல இடங்களில் கருவி வந்தபோது இருந்த இலக்கே பேசாமல் தொடர்கிறது என்பது என் ஐயம்.

இலக்கைத் தீர்மானிக்க வேண்டியது மருத்துவக் கேள்வி. முதுகெலும்பு வளைந்த சிறுமிக்குத் திரும்பத் திரும்ப எடுக்கும் படத்தில் அளக்க வேண்டியது வளைவின் கோணம். எலும்பின் விளிம்பு தெரிந்தால் போதும், இரைச்சலைத் தாங்கிக்கொள்ளலாம். மயிரிழை முறிவைத் தேடும் படத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. இரண்டுக்கும் ஒரே இலக்கை வைத்திருக்கும் கதிரியல் துறை, விலகல் எண்ணோடு, நோயாளிமேல் பாய்ந்த கதிரைக் காட்டும் கதிரளவு–பரப்புப் பெருக்கத்தையும் பதிவுசெய்து, தன் இலக்குகளை உறுப்பு வாரியாகவும் கேள்வி வாரியாகவும் உடனே மறுபரிசீலனை செய்ய வேண்டும்.