பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழமா? வாத்தியம் மாற்றியவர்களின் கதை

போன எபிசோடுக்குப் பிறகு பெங்களூரில் இருந்து ஒரு நேயர் கேள்வி அனுப்பியிருந்தார். அவரும் நம்மளை மாதிரி ஐடி ஆள்தான், சனி ஞாயிறு ஆனால் பெடல் ஸ்டீல் கிடாரோடு உட்கார்ந்துவிடுவார். கையில் நல்ல கண்டிஷனில் ஒரு புது மாடல் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு, 1960களில் செய்த ஒரு பழைய கிடாரை வாங்கிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறார். வீட்டில் ஒரே சிரிப்பாம். "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவனைப் பாத்திருக்கோம். பேரீச்சம்பழத்தைக் கொடுத்துப் பழைய இரும்பு வாங்குறவனை இப்பதான் பாக்குறோம்" என்கிறார்களாம். "ப்ரோ, நான் பண்றது பைத்தியக்காரத்தனமா?" இதுதான் கேள்வி.

இல்லை என்பது என் பதில். ஏன் என்று சொல்ல அமெரிக்காவிலும் கொஞ்சம் நிற்கணும், தஞ்சாவூர்ப் பக்கமும் போகணும், கடைசியில் நான் இருக்கிற தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் வந்து சேரணும்.

முதலில் அந்த வாத்தியம் என்ன என்று பார்த்துவிடலாம். பெடல் ஸ்டீல் கிடாரை மடியில் வைத்து வாசிக்க மாட்டார்கள். கால் வைத்த மேஜை மாதிரி நிற்கும். பெரும்பாலும் பத்து தந்தி. இடது கையில் ஒரு இரும்புத் தண்டு, அதைத் தந்தி மேல் வழுக்கிக்கொண்டே போகணும். நம்ம ஊர் கோட்டுவாத்தியம், அதாவது சித்திரவீணை, வாசிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதுசாக இருக்காது. மெட்டு கிடையாது, கையும் காதும்தான் கணக்கு. ஸ்டீல் கிடாரில் கூடுதலாக ஒரு விஷயம் உண்டு. காலடியில் பெடல், முழங்காலுக்குப் பக்கத்தில் லீவர். அவற்றை அழுத்தினால் குறிப்பிட்ட தந்தி மட்டும் இறுகும், இல்லையென்றால் தளரும். அழுகிற மாதிரி ஒரு சத்தம் வரும் பாருங்க, அது அங்கிருந்து வருவதுதான்.

1963இல் பட்டி எம்மன்ஸ் என்கிற பெரிய கலைஞர் தன் பெயரிலேயே ஒரு கம்பெனி தொடங்கினார். அங்கே செய்த பழைய கிடார்களுக்கு 'புஷ் புல்' என்று பெயர். ஒரு சுரத்தை ஏற்ற உள்ளே இருக்கிற கம்பி இழுக்கும், இறக்க இன்னொரு கம்பி தள்ளும். சுருதி சேர்ப்பதற்குள் உயிர் போய்விடும். பிறகு வந்த 'ஆல் புல்' அமைப்பில் எல்லாமே இழுப்புதான், சுருதி சேர்ப்பது ரொம்ப சுலபம். அப்படியிருந்தும் பழசைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய அமைப்பில் தந்தி உட்காரும் உலோகத்துண்டு, சும்மா இருக்கும்போது கிடாரின் உடம்போடு கெட்டியாக ஒட்டி நிற்கும். அதனால் அதிர்வு உடம்புக்குள் நேராக இறங்குகிறது, ஒலிக்கு ஒரு சதைப்பிடிப்பு வருகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. வசதி போனாலும் பரவாயில்லை, நாதம் வேணும் என்கிறார்கள்.

ஆக, வாத்தியத்தை மாற்றும்போது ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிறோம். நம்ம மண்ணில் இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடந்திருக்கிறது, எதிர்த்திசையில். பழசைக் கொடுத்துப் புதுசை வாங்கிய கதை அது. ஆள் யார் என்றால் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை.

ராஜரத்தினம் பிள்ளை 1898இல் பிறந்தவர். 1947 ஆகஸ்டில், நாடு சுதந்திரம் அடைந்த நேரத்தில், டெல்லியில் நாதஸ்வரம் வாசித்தவர். தோடி ராகம் என்றாலே அவர் பெயரைச் சொல்லும் அளவுக்குப் பேர் வாங்கியவர். அவர் தலையெடுத்த காலத்தில் கோயில்களில் ஒலித்தது திமிரி நாதஸ்வரம். நீளம் குறைவு, சுருதி அதிகம், நாலு ஐந்து கட்டைக்குப் போகும். காதைத் துளைக்கிற ஒலி.

அந்தத் துளைப்பு குறை கிடையாது, வேலைக்கு ஏற்ற வடிவமைப்பு. எங்க ஊருக்கு வந்து பாருங்க, புரியும். ஆனி, ஆடி மாதத்தில் தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றால் காற்று ஆளையே தள்ளும். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் குற்றாலம். சங்கு வடிவத்தில் கட்டிய குற்றாலநாதர் கோயில், அதை ஒட்டியே பேரருவி. சீசனில் தண்ணீர் கொட்டும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மைக் இல்லாத காலத்தில் இந்தக் காற்றையும் அருவிச் சத்தத்தையும் கூட்டத்தையும் தாண்டி, "சாமி புறப்பட்டாச்சு" என்று நாலு தெருவுக்கும் சொல்லணும். அதற்கு உயர்ந்த சுருதியும் கூர்மையான ஒலியும் வேணும். திமிரி அந்த வேலையைப் பிரமாதமாகச் செய்தது.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. சுத்த மத்யமம் சரியான இடத்தில் நிற்காது. விரலால் மட்டும் அந்தச் சுரத்தைப் பிடிக்க முடியாது. உதட்டையும் காற்றையும் வைத்து ஒவ்வொரு முறையும் சரிக்கட்டணும். மென்பொருள் பாஷையில் சொன்னால், ஹார்டுவேரில் இருக்கும் பிழைக்கு வாசிக்கிறவர் வாயாலேயே பேட்ச் போட்டுக்கொண்டிருந்தார். மேளகர்த்தா ராகங்கள் 72இல் முதல் 36க்கும் சுத்த மத்யமம்தான். தோடியும் அதில் ஒன்று. தோடியையே உயிராக வைத்திருந்த மனிதருக்கு இது எவ்வளவு உறுத்தியிருக்கும்!

திருவாவடுதுறைக்குப் பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டை என்று ஒரு ஊர். தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் செய்கிற ஊர். அங்கே ரங்கநாதன் ஆசாரி என்கிற கைவினைஞரோடு சேர்ந்து ராஜரத்தினம் பிள்ளை பாரி நாதஸ்வரத்துக்கு வடிவம் கொடுத்தார். குழல் நீண்டது, சுருதி இரண்டு, இரண்டரை கட்டைக்கு இறங்கியது, சுத்த மத்யமம் தன் இடத்தில் உட்கார்ந்தது. செலவும் உண்டு. குழல் நீண்டால் துளைகளுக்கு நடுவே இடைவெளி கூடும், விரல் அகலணும். மூச்சும் அதிகம் வேணும். பழகிய கையை மறுபடி பழக்கணும்.

இவ்வளவு சிரமம் எதற்கு? சுரம் மட்டும்தானா காரணம்? இன்னொரு காரணமும் இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் நாதஸ்வரக்காரர் எங்கே நிற்பார்? ஊர்வலத்தில், சாமிக்கு முன்னால், சட்டையில்லாமல், மணிக்கணக்காக நின்றுகொண்டே. பாடகருக்கும் வயலின்காரருக்கும் சபாவில் மேடை உண்டு, ஜமக்காளம் உண்டு. நாதஸ்வரக்காரருக்கு அந்த மரியாதை சுலபமாகக் கிடைக்கவில்லை. சாதியும் இதில் கலந்திருந்தது. ராஜரத்தினம் பிள்ளை இதை ஏற்கவில்லை. சமமாக மேடையில் உட்கார்ந்து வாசிப்பேன் என்று நின்றார். இப்போது யோசிச்சுப் பாருங்க. நாலு சுவருக்குள் திமிரியை ஒரு மணி நேரம் கேட்க முடியுமா? பாரியின் தாழ்ந்த, கனமான நாதம் அரங்கத்துக்கும் மைக்குக்கும் இசைத்தட்டுக்கும் பொருந்தியது. வாத்தியம் நீண்டதில், அதை வாசிக்கிறவர் உட்காரும் இடமும் மாறியது.

இந்த மாற்றம் எங்க பக்கம் வந்து சேர்ந்ததற்குச் சாட்சி ஒரு ரயில் நிலையம். திருநெல்வேலியில் இருந்து தென்காசி வரும் ரயில் பாதையில், சேரன்மகாதேவி தாண்டியதும் காருகுறிச்சி வரும். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் அந்த ஊர்க்காரர், 1921இல் பிறந்தவர். தென்காசி தனி மாவட்டமானது 2019இல்தான். அவர் காலத்தில் இது எல்லாமே ஒரே திருநெல்வேலி ஜில்லா. 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலும் அவருடைய நாதஸ்வரமும் மாறி மாறிப் போட்டி போடும் பாட்டை நம்ம வீடுகளில் கேட்காதவர்கள் குறைவு. காருகுறிச்சியார் 1964இல், நாற்பத்து மூன்று வயதைத் தாண்டாமல் போய்விட்டார். ஆனால் தெருவில் சாமியோடு நடந்த வாத்தியம் சினிமா ஸ்டுடியோவுக்குள் ஒரு பாடகியின் குரலுக்கு எதிரே நின்றதை அவர் காட்டிவிட்டுத்தான் போனார்.

அப்போ பழசுக்கு மதிப்பே இல்லையா என்று கேட்பீர்கள். இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வருகிறது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்தின் உடல் ஆச்சா மரத்தில் செய்வது. புதுசாக வெட்டிய மரம் ஆகாது. இடித்த பழைய வீடுகளில் இருந்து தூண், உத்தரம் என்று பல பத்தாண்டுகள் காய்ந்த கட்டையைத் தேடி வாங்குகிறார்கள். ஈரம் முழுக்கப் போன மரம்தான் கடைசலில் கடைந்த பிறகு வெடிக்காது, கோணாது. ஆக, 'புது' நாதஸ்வரம் என்று நாம் வாங்குவது நம்ம கொள்ளுத்தாத்தா காலத்து வீட்டின் உத்தரமாக இருக்கலாம். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது அவர்கள் கவலை, பழைய ஆச்சாக் கட்டை கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது என்பது. கான்கிரீட் வீட்டை இடித்தால் அதில் நாதஸ்வரம் இருக்காது.

சரி, பெங்களூர் நண்பரின் கேள்விக்கு வருவோம். நம்ம வேலையில் ஒரு பழக்கம் உண்டு. புது வெர்ஷன் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: ரோல்பேக் இருக்கா? சரிவரவில்லை என்றால் பழையதற்குத் திரும்ப முடியுமா? வாத்தியம் மாற்றுவதற்கும் இதே கேள்விதான். புஷ் புல் கிடாருக்குத் திரும்ப முடிகிறதே, எப்படி? அதை இன்னும் ரிப்பேர் பண்ணத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், கைமாற்றிக்கொள்ள ஆள் இருக்கிறது. பாரிக்குப் போன பிறகும் நரசிங்கம்பேட்டை உளி அங்கேயே இருந்தது, சீவாளி செய்யும் கை இருந்தது. நாளைக்கே ஒருவர் திமிரி கேட்டாலும் செய்து கொடுக்க முடியும்.

இன்னொரு வகை மாற்றமும் இருக்கிறது, அதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்கிறோம். பல ஊர்க் கோயில்களில் இப்போது மின்சார மேளம் வந்துவிட்டது. ஒரு சட்டத்தில் முரசு, மணி, ஜால்ரா, பின்னால் ஒரு மோட்டார். சுவிட்சைப் போட்டால் தீபாராதனை முடியும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். சம்பளம் கேட்காது, லீவு கேட்காது. எங்க பக்கம் கேரளா எல்லை என்பதால் ஊர்வலத்துக்குச் செண்டை மேளம் கூப்பிடுவதும் சகஜம். செண்டையில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அதுவும் மனிதர்கள் வாசிக்கிற கலைதான். மோட்டார் விஷயம் வேற. அது வந்த கோயிலில் நாதஸ்வரக்காரர் வீட்டுப் பையன் வேற வேலைக்குப் போகிறான். பத்து வருஷம் கழித்து மோட்டார் பிடிக்கவில்லை என்றால் சுவிட்சை அணைக்கலாம். ஆனால் அந்த இடத்தில் நின்று வாசிக்க யார் இருப்பார்? திருநெல்வேலி உட்பட பல ஊர்களில் அரசு இசைப்பள்ளிகள் நாதஸ்வரமும் தவிலும் சொல்லித் தருகின்றன. நமக்கு மிச்சம் இருக்கிற பேக்கப் அதுதான். பேக்கப் இருந்தால் மட்டும் போதாது, கற்றுக்கொண்டு வருகிறவருக்கு வாசிக்க இடமும் கூலியும் வேணும்.

அதனால் நண்பரே, தாராளமா மாற்றிக்கோங்க. புது கிடார் வேற ஒரு வாசிக்கிறவர் கைக்குத்தானே போகிறது, நஷ்டம் யாருக்கும் இல்லை. மாற்றும் முன் ஒரு விஷயத்தை மட்டும் விசாரிச்சுக்கோங்க: பெங்களூரில் அந்தப் பழைய மெக்கானிசத்தைத் திறந்து சரிபண்ணத் தெரிந்தவர் யார்? அவர் நம்பரை முதலில் வாங்குங்க, கிடாரை அப்புறம் வாங்குங்க.

மற்ற எல்லோருக்கும் ஒரு சின்ன வேலை. அடுத்து உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மேளம் வைத்தால், சாப்பாட்டுக்கு ஓடும் முன் ஐந்து நிமிஷம் முன்வரிசையில் உட்காருங்க. வாசித்து முடித்ததும் வித்வானிடம் போய், "அண்ணே, இது எத்தனை கட்டை? எந்த ஊர்ல செஞ்சது?" என்று கேளுங்க. அவர் சொல்கிற பதிலை எங்களுக்கு வாய்ஸ் நோட்டாக அனுப்புங்க. அடுத்த எபிசோடில் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.